பள்ளத்தை அழிப்பது

"இதை எடுத்துவிடுங்கள்" என்கிறார்
மரவியாபாரி ஓக்ரிஸ்.
கம்பளித் துணியில் கிடக்கிறது
உள்ளங்கைக்குள் ஒடுங்கும் கைத்துப்பாக்கி.
பன்னிரண்டு வருடங்களுக்கு முன்
இதே ஃபெர்லாக்கில், இதே சன்னலடியில்
அவர் சொல்ல நான் வெட்டிய பெயர்:
ஹெட்விக்.
அவர்கள் எழுத்தில் ஆறு.

எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?
பெயர் என்பது
எஃகு இல்லாத இடம்.
இல்லாததை எப்படி எடுப்பது?
சுற்றியிருக்கும் எல்லாவற்றையும்
அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு
இறக்கினால்தான் பெயர் போகும்.
இறக்கினால் சுவர் மெலியும்.
மெலிந்த சுவருக்குப் பின்னால்
வெடிப்பது வெடிப்புதானே.

அளந்து காட்டினேன்.
எண்ணைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்,
"வேறு வழி?" என்றார்.

வேறு வழி, இன்னும் வெட்டுவது.
பெயரைவிட ஆழமாய், பெயரைவிட நெருக்கமாய்
ஒரு காட்டு உள்ளானை
அதன்மேல் அடைகாக்க உட்கார வைப்பது.

வேட்டைக்குழல் என்றால் கவலையில்லை.
கை வழுக்கினால் அங்கே ஓர் இலை,
இன்னும் வழுக்கினால் ஒரு கிளை.
அதில் பிழைக்கு ஒளிய இடமுண்டு.
இதில் பிழையும் இலையும் ஒரே அளவு.
இரண்டு தீக்குச்சி நீளம்,
அதிலும் ஓரத்தில் வரிசை எண், சோதனைச் சாலையின் முத்திரை.
இரண்டையும் தொடக்கூடாது.

நுண்ணோக்கியின் அடியில்
H ஏணியின் ஒற்றைப் படி.
D-இன் வயிற்றைப் பறவையின் மார்பாக்கினேன்.
W-வின் இரண்டு பள்ளத்தாக்குகளில்
சிறகுகளை மடித்து அடுக்கினேன்.
I தானாகவே அலகானது, அதில் எனக்குப் பெருமையில்லை.
G மட்டும் பிடிவாதம்.
எந்த இறகுக்கும் அடங்காமல்
கொக்கிபோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது
ஒன்பது நாள்.

வளைவில் உளி அசையாது.
துப்பாக்கிதான் சுழலவேண்டும்,
இடது கை வைஸை உருட்ட உருட்ட,
வலது கை சும்மா இருப்பதுபோல் இருக்கவேண்டும்.
சும்மா இருப்பதுதான் தோளை ஒடிக்கிறது.
ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் நடுவே
ஒரு கோடு.
காப்பி குடித்த நாளில் இறகு வெட்டுவதில்லை;
கட்டைவிரலில் நாடி துடிப்பது
முனைவரை வந்துவிடும்.

வியாழக்கிழமை, பால் லாரி
மேட்டில் கியர் மாற்றியது.
மேசை சிணுங்கியது.
உளி ஓடியது.

கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
வெறுங்கண்ணுக்கு மயிரிழை.
எனக்கு அது
ஒரு தேசத்தின் குறுக்கே போட்ட சாலை.
வரிசை எண்ணின் ஏழுக்கு முன்
நின்றிருந்தது, புண்ணியத்துக்கு.
அதை நாணல் என்று சொல்லிவிடலாம்.
சொல்லவில்லை. உள்ளான் நாணலில் உட்காராது,
ஓக்ரிஸுக்கு அது தெரியும்.
மெருகுக்கல்லால் இரண்டு நாள் தேய்த்தேன்.
முக்கால்வாசி போனது.
மீதி, இருக்கிறது.

காலையிலிருந்து நான்கு முனை ஒடிந்த அன்று
நான் அந்த ஹெட்விக்கைத் திட்டியதுண்டு.
அவளை ஒரே முறைதான் பார்த்தேன்,
பரிசைப் பிரித்துவிட்டு
"என்னைச் சுடுவதற்கா?" என்று சிரித்தாள்.
அவரும் சிரித்தார். நானும்.

மார்ச்சில் வந்தார்.
சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார்,
மறுபடி சாய்த்தார்.
"தெரிகிறது" என்றார்.

தெரியாது. நான்தானே மூடினேன்.
வாங்கிப் பார்த்தேன்:
மார்பு, சிறகு, அலகு, புள்ளிப் புள்ளியாய்க் கழுத்து.
சாய்த்தேன்.
வாலிறகின் அடியில், வெளிச்சம் புரளும்போது
ஒரு கொக்கி.

"G" என்றேன்.
"இல்லை, மொத்தமும்" என்றார்.

பறவைக்கான கூலியை எண்ணி வைத்தார்.
முனைகளுக்கும் சேர்த்துக் கேட்டேன், கொடுத்தார்.
துணியில் சுற்றும்போது
கட்டைவிரல் ஒருமுறை
இடமிருந்து வலமாகப் போனது,
ஆறு இடத்தில் நின்று நின்று.